நடுவில் மைனஸ்

கொடை விழாக் கச்சேரியில் கிடார் வாசிக்கிற தம்பிகள் தங்கள் பெடல் அடாப்டரை யார் கையிலும் விடக்கூடாது. சவுண்டு சர்வீஸ்காரருக்கும் சீரியல் செட்காரருக்கும் பிளக் ஓட்டையில் நுழைந்தால் போதும், எல்லா அடாப்டரும் ஒன்றுதான்.

என் டிலே பெடல் அப்படித்தான் போனது. பேட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஆடிக் கொடை. நான் காப்பி குடிக்க இறங்கிய நேரத்தில் சவுண்டு செட் அண்ணாச்சி பிளக் பெட்டியை நகர்த்தியிருக்கிறார். என் வயர் எட்டவில்லை. எல்.இ.டி. பட்டை விளக்குக்கு வைத்திருந்த 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரைச் சொருகிவிட்டார். மேடையேறினால் கருகல் வாடை. கேட்டதற்கு, "ஒம்பதுக்குப் பன்னெண்டு குடுத்தா சத்தம் கூடத்தான வே வரும்?" என்கிறார்!

பெடலைக் கொன்றது அந்த மூன்று வோல்ட் இல்லை. விளக்கு அடாப்டரில் பிளக்கின் நடுவில் பிளஸ், வெளிச்சுற்றில் மைனஸ். பாஸ் (Boss) கம்பெனியுடையது மாதிரியான கிடார் பெடல்களில் நடுவில்தான் மைனஸ். கிறுக்குத்தனமாகத் தெரியும், காரணம் உண்டு. பிளக் நுழைந்ததும் உள்ளே இருக்கும் பேட்டரியின் பிளஸ்ஸைத் துண்டிக்கிற சுவிட்ச், சாக்கெட்டின் வெளிச்சுற்றில் இருக்கிறது. அதனால் பிளஸ் வெளியே போயிற்று, மைனஸ் நடுவுக்கு வந்தது.

டவுனில் ஒரு சர்வீஸ் கடையில் மூடியைக்கூடத் திறக்காமல், "போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஐ.டி.ஐ. படித்த பேட்டைத் தம்பி ஒருவர்தான் திறந்து பார்த்தார். மின்சாரம் தலைகீழாக வந்தால் தன்மேல் வாங்கிக்கொள்ள, உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு டயோடு இருக்கும். அது ஷார்ட் ஆகியிருந்தது. வெட்டிவிட்டு 1என்4007 ஒன்றைப் பற்றவைத்தார், பெடல் பாடியது. அந்த டயோடு சில ரூபாய்தான். புதுசு வாங்கச் சொன்னவர்கள் இதைப் படித்தால் சந்தோஷம்.

எனவே மல்டிமீட்டர் ஒன்று பையில் இருக்கட்டும். சிவப்பு முள் பிளக்கின் நடுவில், கறுப்பு வெளிச்சுற்றில். மைனஸ் 9 காட்டினால் சொருகலாம். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய ரேடியோ எலிமினேட்டர் என்றால் 9 என்று எழுதியிருந்தும் சும்மா இருக்கும்போது 12, 13 காட்டும், கிடாரில் 'உம்ம்' என்று இரைச்சலும் வரும். அது போதும் என்று சொல்கிற நண்பர்கள் எனக்கும் உண்டு, அவர்கள் யாரும் லீட் வாசிப்பதில்லை.

மில்லி ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பயமில்லை, பெடல் தனக்கு வேண்டியதை மட்டும் இழுக்கும். குறைந்தால்தான் வம்பு. 1978-இல் வந்த பாஸ் டிஎஸ்-1 டிஸ்டார்ஷனுக்குச் சில மில்லி ஆம்பியர் போதும். டிஜிட்டல் டிலே ஐம்பதுக்கு மேல் கேட்கும். இரண்டையும் ஒரே வயரில் கோத்தால் சில நேரம் கீச்சென்று கத்தும், டிலேக்குத் தனி அடாப்டர் கொடுங்கள். ஜெர்மானியம் ஃபஸ் சிலவற்றில் பிளஸ்தான் எர்த். அதை மற்றவற்றோடு கோக்கவே வேண்டாம்.

துபாய் மச்சான் வாங்கி வந்த அடாப்டர் இங்கே ஓடும், பின் மட்டும் மாற வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட்டுக்கு மட்டுமானதாக இருக்கலாம், நம் 230-இல் சொருகுமுன் லேபிளைப் படியுங்கள்.

ஜெனரேட்டர் நின்று நின்று ஓடுகிற ஊர்களுக்கு நான் இப்போது 9 வோல்ட் பேட்டரிதான் கொண்டுபோகிறேன். இன்புட்டில் கிடார் வயர் சொருகியிருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். காப்பிக்கு இறங்கும்போது வயரைப் பிடுங்கிவிட்டு இறங்குங்கள், பெடலையும் கையோடு எடுத்துக்கொண்டு.