சுனாமி பூமியைச் சாய்த்ததா?

நம்பிக்கை: "சுனாமி வந்த வருஷமே பூமியோட அச்சு சாஞ்சிருச்சு சார். அதுக்கப்புறம்தான் இந்த வெயில்."

கூடுவாஞ்சேரி டீக்கடைகளில் சித்திரை மாதத்தில் அடிபடும் பேச்சு இது. நண்பகலில் ஜி.எஸ்.டி. சாலையோரம் பஸ்ஸுக்கு நிற்பவருக்கு நம்பத்தான் தோன்றும். ஒரேயடியாகப் புளுகு என்று தள்ளவும் முடியாது, உள்ளே கொஞ்சம் உண்மை இருக்கிறது.

உண்மை: 2004 டிசம்பர் 26 காலை ஏறக்குறைய ஆறரை மணிக்கு, சுமத்ரா அருகே இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில் சட்டென்று நழுவியது. பிளவின் நீளம் 1,200 கி.மீ.க்கும் மேல். அந்தக் குலுக்கலில் பாறைத் திரளில் ஒரு பகுதி பூமியின் மையத்தை நோக்கிச் சற்றே இறங்கியது. கைகளை விரித்துத் தட்டாமாலை சுற்றும் பிள்ளை கைகளை மடக்கிக்கொண்டால் வேகம் கூடும் அல்லவா, அதேதான் இங்கும் நடந்தது. நாசாவின் ரிச்சர்ட் கிராஸும் பெஞ்சமின் சாவோவும் முதலில் போட்ட கணக்கில் ஒரு நாளின் நீளம் 2.68 மைக்ரோ நொடி குறைந்தது. வட துருவம் 2.5 செ.மீ. நகர்ந்தது. நிலநடுக்கத்தின் விவரங்கள் தெளிவான பிறகு அவை 6.8 மைக்ரோ நொடி, 7 செ.மீ. என்று திருத்தப்பட்டன. இரண்டுமே கணக்கில் வந்த எண்கள். கருவி வைத்து அளந்தவை அல்ல; நாளின் நீளத்தில் வந்த மாற்றம் அளக்க முடியாத அளவுக்குச் சின்னது.

பெரிய எண்களையே எடுத்துக்கொள்வோம். பூமி ஒரு பாகை திரும்ப வேண்டுமானால் துருவம் 111 கி.மீ. நகர வேண்டும். 7 செ.மீ. என்பது அதில் ஏறத்தாழ 16 லட்சத்தில் ஒரு பங்கு. ராஜசிம்ம பல்லவன் கடற்கரைக் கோயிலைக் கட்டிய நாளில் இந்த நிலநடுக்கம் வந்திருந்தால்கூட, 1,300 ஆண்டுகள் கழித்து இன்று கடிகாரம் மூன்று நொடி சொச்சம்தான் பிசகியிருக்கும்.

அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கோடையையும் குளிரையும் தருவது, பூமி தன் சுற்றுப்பாதைக்கு 23.4 பாகை சாய்ந்திருப்பது. சூரியனும் நிலவும் மற்ற கோள்களும் வெளியிலிருந்து இழுத்தால்தான் அந்தச் சாய்வு மாறும். பூமி தனக்குள்ளே குலுங்கினால் மாறாது. நகர்ந்தது வேறொரு அச்சு: பூமியின் எடை சமமாகப் பரவி நிற்கும் நடுக்கோடு. சுழலும் துருவமோ எந்த நிலநடுக்கமும் இல்லாமலேயே பல மீட்டர் அகல வட்டமாகத் தள்ளாடிக்கொண்டிருக்கிறது. ஆகவே சித்திரை வெயிலுக்குச் சுமத்ராவைக் குற்றம் சொல்ல வழியில்லை.

நம்பிக்கை: அச்சு சாய்ந்ததால்தான் மாமல்லபுரத்தில் கடல் விலகிப் பழைய கோயில் வெளிவந்தது. சூரியன் உதிக்கும் இடமும் மாறிவிட்டது.

உண்மை: சுனாமி அலை வருமுன் கடல் பின்வாங்கியது, பிறகு திரும்பிவிட்டது. சாளுவன்குப்பத்தில் அலைகள் மணலை அரித்தபோது கல்வெட்டுள்ள பாறை தெரிந்தது. தொல்லியல் துறையினர் அங்கே தோண்டியதில் பல்லவர் கால முருகன் கோயிலும், அதற்கும் அடியில் இன்னும் பழைய செங்கல் கோயிலும் கிடைத்தன. அலையும் மண்வெட்டியும் செய்த வேலை அது. சூரியன் உதிக்கும் இடமோ ஒவ்வொரு ஆண்டும் வடக்கும் தெற்குமாக 47 பாகைக்கு மேல் நகர்கிறது. உத்தராயணம், தட்சிணாயனம் என்று பஞ்சாங்கம் சொல்வது அதைத்தான்.

 

துருவத்தை நிலநடுக்கத்தைவிட அதிகமாக நகர்த்தியது நம் போர்வெல்கள் என்றால் டீக்கடையில் யாரும் நம்பமாட்டார்கள். 1993 முதல் 2010 வரை உலகம் உறிஞ்சிய நிலத்தடி நீர் சுமார் 2.15 லட்சம் கோடி டன் என்றும், அது கடலில் போய்ச் சேர்ந்ததால் துருவம் 80 செ.மீ. அளவுக்கு நகர்ந்தது என்றும் 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கும் வடமேற்கு இந்தியாவுக்கும். நடு அட்சரேகையில் எடை இடம் மாறினால்தான் துருவம் அதிகம் அசையும். அவ்வளவு பெரிய சுமத்ரா நிலநடுக்கமும் 7 செ.மீ.யோடு நின்றதற்கு, அது நிலநடுக்கோட்டை ஒட்டியிருந்தது ஒரு காரணம். கூடுவாஞ்சேரியின் நந்திவரம் ஏரிக்கரை வீடுகளின் போர்வெல்கள் 13 பாகை அட்சரேகைக்குக் கீழே இருக்கின்றன. துருவத்தை நகர்த்திய பழி அவற்றுக்கு அதிகம் சேராது.