பிக்கப் வண்டிக்கு கிளட்ச் மாற்றும் முன்
பிளேட்டை மட்டும் மாற்றுவது சிக்கனம் ஆகாது

கம்பத்திலிருந்து குமுளிக்கு மலைப்பாதையில் ஒரு பிக்கப் வண்டி காய்கறி ஏற்றிக்கொண்டு போகிறது. வளைவில் கியரைக் குறைத்து முடுக்கியதும் எஞ்சின் உறுமுகிறது. வண்டியோ ஏற மறுக்கிறது. கருகிய நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. கிளட்ச் போய்விட்டது என்பது நடுமலையில்தான் தெரிய வருகிறது. சந்தை நேரம் தப்பிவிடுகிறது. சரக்கு வாடி விலை இறங்குகிறது. வண்டியை இழுத்து வரும் செலவு தனி. அவசரத்தில் கிடைத்த பிளேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினால், சில மாதங்களில் அதே தொல்லை மீண்டும் வந்து நிற்கிறது.

உரம் கொண்டுவரவும் விளைச்சலைச் சந்தைக்கு அனுப்பவும் சிறு சரக்கு வண்டியை நம்பியிருக்கும் விவசாயிகள், கிளட்சைப் பற்றிச் சில செய்திகளை அறிந்திருத்தல் நலம். வேலையைச் செய்வது மெக்கானிக்காக இருப்பினும், எதை வாங்குவது, எதைச் சோதிக்கச் சொல்வது என்பது வண்டிக்காரரின் பொறுப்பு.

கிளட்ச் எப்படி வேலை செய்கிறது?

எஞ்சினோடு சேர்ந்து பிளைவீல் சுழல்கிறது. அதன்மேல் கிளட்ச் பிளேட்டை பிரஷர் பிளேட் அழுத்திப் பிடித்திருக்கிறது. பிளேட்டின் நடுவிலுள்ள பல் துளையில் கியர்பாக்ஸ் ஷாப்ட் நுழைந்திருப்பதால், எஞ்சினின் சக்தி சக்கரத்துக்குப் போகிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் முன்னே நகர்ந்து, பிரஷர் பிளேட்டின் வில்லை அழுத்துகிறது. பிடி விடுபட்டு, பிளேட் தனியே நிற்கிறது. ஆகவே கிளட்ச் என்பது பிளேட் ஒன்று மட்டும் அன்று. பிளைவீல், பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகிய நான்கும் சேர்ந்தே ஒரு வேலையைச் செய்கின்றன. ஒன்று தேய்ந்தால் மற்றவையும் பாதிக்கப்படும்.

கழற்றும் முன் கவனிக்க வேண்டியவை

எல்லாத் தொல்லைக்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. பெடலின் மேல்பகுதியில் சிறிதளவு வெற்றாட்டம் இருக்க வேண்டும். கேபிள் வகை வண்டியில் இந்த ஆட்டம் அற்றுப்போனால், பிளேட்டின் பிடி தளர்ந்து வழுக்கும். ஆட்டம் மிகுந்தால் கிளட்ச் முழுதும் விடுபடாமல் கியர் உரசும். கேபிளைச் சரிசெய்தாலே இவை தீரக்கூடும். வண்டிக்குரிய சரியான அளவு கையேட்டில் இருக்கும். எண்ணெய் அழுத்த வகையானால், டப்பாவில் திரவம் குறைந்துள்ளதா, பெடலருகேயும் கியர்பாக்ஸ் அருகேயும் உள்ள சிலிண்டர்களில் கசிவு உண்டா என்று பாருங்கள்.

இவை சரியாக இருந்தும் தொல்லை நீடித்தால், அறிகுறியைக் கொண்டு காரணத்தை ஊகிக்கலாம்.

1. எஞ்சின் வேகம் ஏறுகிறது, வண்டியின் வேகம் ஏறவில்லை: பிளேட் தேய்ந்திருக்கும், அல்லது எண்ணெய் பட்டிருக்கும், அல்லது பிரஷர் பிளேட் வலுவிழந்திருக்கும்.

2. பெடலை விடும்போது வண்டி நடுங்குகிறது: பிளேட்டில் எண்ணெய் பட்டிருத்தல், பிளைவீல் முகம் வெந்து மேடுபள்ளமாதல், எஞ்சின் மவுண்டிங் தளர்தல் ஆகியவை காரணமாகலாம்.

3. பெடலை மிதித்தால் இரைச்சல், விட்டால் நின்றுவிடுகிறது: பெரும்பாலும் ரிலீஸ் பேரிங் கோளாறு.

4. பெடலை மிதித்தால் இரைச்சல் நின்றுவிடுகிறது: கியர்பாக்ஸின் முன் பேரிங்கைப் பார்க்க வேண்டும். இதற்குக் கிளட்ச் மாற்றிப் பயனில்லை.

எதை வாங்குவது?

கடையில் வண்டியின் பெயரை மட்டும் சொல்வது போதாது. ஒரே பெயருள்ள வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு, எஞ்சினுக்கு எஞ்சின் கிளட்ச் வேறுபடும். ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் காட்டி உரிய பாக எண்ணைக் கேட்டு வாங்குக. பழைய பிளேட்டையும் புதியதையும் அருகருகே வைத்து, வெளிவிட்டம், நடுத்துளையின் பற்களின் எண்ணிக்கை, நடுக்குழலின் உயரம் ஆகிய மூன்றும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்று மாறினாலும் அந்தப் பிளேட் வேண்டாம்.

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே செட்டாக வாங்குவதே நல்லது. பிளேட் மட்டும் வாங்கினால் செலவு குறைவுதானே என்று தோன்றும். இங்கேதான் கணக்கு தவறுகிறது. இந்த வேலையில் பெருங்கூலி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்கே. ஒரு பாகம் மாற்றினாலும் மூன்று மாற்றினாலும் அந்தக் கூலி ஒன்றுதான். பழைய ரிலீஸ் பேரிங்கை அப்படியே விட்டு, அது ஆறு மாதத்தில் இரைந்தால், அந்தச் சிறு சாமானுக்காக முழுக்கூலியையும் மறுபடி கொடுக்க நேரும்.

பழைய பிளேட்டில் புது லைனிங் அடித்து விற்பதும் உண்டு. லைனிங் புதிதானாலும், நடுவிலுள்ள சுருள் வில்களும் பற்களும் பழையவையே. நாள்தோறும் பாரம் ஏற்றும் வண்டிக்கு அது ஏற்றதன்று. செராமிக் பிளேட் அதிகப் பாரம் தாங்கும் என்பது உண்மையே. ஆயினும் அது வெடுக்கென்று பிடிக்கும். பிளைவீலையும் விரைவில் தேய்க்கும். சாதாரண பிக்கப்புக்கு, கம்பெனி போட்டுக்கொடுத்த வகை லைனிங்கே போதும். லைனிங் ஆஸ்பெஸ்டாஸ் கலவாததா என்று கேளுங்கள். போலிச் சரக்கு நடமாடுவதால், சீல் உடையாத பெட்டியாகப் பார்த்து, ரசீதுடன் வாங்குக.

பொருத்தும்போது

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எவரும் படுக்கக் கூடாது. சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் வண்டியை இருத்த வேண்டும். பாட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். கியர்பாக்ஸை இறக்கத் தனி ஜாக்கி தேவை. ஓர் ஆள் மார்பில் தாங்கி இறக்குவது உயிரோடு விளையாடுவதாகும். புரொப்பல்லர் ஷாப்டைக் கழற்றும் முன் இரு பக்கமும் அடையாளமிட்டு, அதே நிலையில் திரும்பப் பொருத்துவது நல்லது.

உள்ளிருக்கும் கருந்தூசியைக் கம்பிரசர் காற்றால் ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அத்தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள்.

கழற்றியதும் மெக்கானிக்கின் அருகிலிருந்து பிளேட்டைப் பாருங்கள். லைனிங் சீராகத் தேய்ந்து ரிவெட் தலையை நெருங்கியிருந்தால் அது இயல்பான தேய்மானம். ரிவெட் தலைக்கு மேல் 0.3 மி.மீ. மிஞ்சுவதைப் பல கையேடுகள் எல்லையாகக் கொள்கின்றன. லைனிங் எண்ணெயில் ஊறியிருந்தால், எஞ்சினின் பின் ஆயில் சீலோ கியர்பாக்ஸின் முன் சீலோ கசிகிறது என்று பொருள். சீலை மாற்றாமல் புதுப் பிளேட் போடுவது, ஒழுகும் கூரையின் கீழ் நெல்லைக் காயப்போடுவது போன்றது.

பிளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்த புள்ளிகள், மயிரிழை விரிசல், வரி விழுந்த பள்ளம் உண்டா என்று பார்க்க வேண்டும். சிறு குறைகளானால் லேத் பட்டறையில் முகத்தைச் சீராக்கலாம். ஆழ்ந்த விரிசலானால் பிளைவீலையே மாற்ற வேண்டும். சில புதிய டீசல் வண்டிகளில் உள்ள இரட்டைப் பிளைவீலைச் சாதாரண லேத்தில் கடையக் கூடாது.

பொருத்துவதில் ஐந்து விஷயங்களை விடாமல் கவனியுங்கள்.

1. பிளேட்டில் எந்தப் பக்கம் பிளைவீலை நோக்க வேண்டும் என்று பொறித்திருக்கும். திருப்பிப் போட்டால் கிளட்ச் விடுபடாது.

2. பிரஷர் பிளேட்டின் புதிய முகத்தில் துருக்காப்பு எண்ணெய் பூசியிருக்கும். அதையும் பிளைவீல் முகத்தையும் நன்கு துடைக்க வேண்டும். எண்ணெய்க் கை லைனிங்கில் படலாகாது.

3. டம்மி ஷாப்ட் கொண்டு பிளேட்டை நடுமையத்தில் நிறுத்திய பின்பே போல்ட்டுகளை இறுக்க வேண்டும். முதல் கோணல் முற்றும் கோணல்.

4. போல்ட்டுகளை எதிர் எதிராக, இரண்டு மூன்று சுற்றில் சிறிது சிறிதாக, கையேட்டில் கண்ட அளவுக்கு இறுக்க வேண்டும்.

5. ஷாப்ட் பற்களில் கிரீஸை மெல்லிய பூச்சாகவே தடவ வேண்டும். மிகுந்தால் தெறித்து லைனிங்கைக் கெடுக்கும்.

கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் பாரத்தைப் பிளேட்டின் மேல் தொங்கவிட்டால் பிளேட் வளைந்துவிடும். நுழையவில்லை என்று போல்ட்டைப் போட்டு இழுப்பதும் தவறு. எண்ணெய் அழுத்த வகையில் சிலிண்டரைக் கழற்றியிருக்கையில் பெடலை மிதிக்கக் கூடாது. குழாயைக் கழற்றியிருந்தால் காற்றை முற்றும் வெளியேற்ற வேண்டும்.

வண்டியை எடுக்கும் முன்

எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெடலை முழுதும் மிதித்து, சில நொடிகள் பொறுத்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். உரசல் ஒலியின்றி விழ வேண்டும். பிறகு காலி வண்டியைச் சற்றுத் தூரம் ஓட்டிப் பார்த்து, நடுக்கமோ வழுக்கலோ இல்லை என்று தெரிந்தபின் கூலியைத் தீர்க்கலாம். கழற்றிய பழைய சாமான்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் 500 கி.மீ. வரை முழுப்பாரம் ஏற்றாமல் ஓட்டினால் லைனிங் நன்கு படியும். ஓடும்போது பெடலில் கால் வைத்திருப்பதும், மேட்டில் கைப்பிரேக் போடாமல் ஆஃப் கிளட்சில் நிறுத்துவதும் கிளட்சைத் தின்னும் பழக்கங்கள். ஆர்.சி.யில் கண்ட எடைக்கு மேல் ஏற்றினால் எந்தக் கிளட்சும் நிலைக்காது.

அறுவடைக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, வண்டியின் கிளட்சைச் சோதித்துக்கொள்வது நல்லது. சரக்கு ஏற்றிய பின் மலையில் மாற்றுவதைவிட, சரக்கு விளையும் முன் ஊரில் மாற்றுவது எப்போதும் மலிவு.