நிலவறை கற்பித்த பாடம்

அமெரிக்க நாட்டில் ஓஹையோ ஆற்றங்கரையில் அமைந்த நகரம் சின்சினாட்டி. அந்நகரின் ஒரு பகுதிக்கு 'ஓவர் தி ரைன்', அதாவது ரைனுக்கு அப்பால் என்று பெயர். ரைன் ஆறு ஓடுவதோ ஐரோப்பாவில்! இப்பெயர் இங்கே எப்படி வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியர் பெருந்தொகையினராய் இங்கு வந்து குடியேறினர். நகரின் நடுப்பகுதிக்கும் அவர்கள் குடியிருப்புக்கும் இடையே மயாமி-ஈரி கால்வாய் ஓடிற்று. அதனைக் கடப்பதை ரைனைக் கடப்பதாகவே சொல்லலாயினர். பிறந்த மண்ணின் நினைவு ஊர்ப்பெயராகி நிலைத்தது.

ஆராய்ச்சிப் பணியை முன்னிட்டு அங்குச் சென்றிருந்த நான், பழைய பீர் ஆலைகளின் நிலவறைகளைக் காட்டும் நடைச் சுற்றுலா ஒன்றில் கலந்துகொண்டேன். "குடிக்காதவனுக்கு அங்கே என்ன வேலை?" என்று நண்பர்கள் நகைத்தனர். எனினும் அங்கே நான் கண்டது குடியன்று. பௌதிகமும் உயிரியலும் வரலாறும் ஒன்றுகூடிய ஒரு பாடம். அதனையே இங்கே எழுதுகின்றேன்.

வழிகாட்டியின் பின்னே செங்குத்தான படிகளில் இறங்கினோம். கீழே கல்லால் வளைத்துக் கட்டிய நீண்ட கூடங்கள். வெளியே கோடை வெயில், உள்ளே குளிர். "மதுவிலக்குக் காலத்தில் கள்ளத்தனமாகக் காய்ச்சிய இடமா இது?" என்று உடன் வந்த ஒருவர் கேட்டார். பலரும் இவ்வாறே எண்ணுகின்றனர் போலும். வழிகாட்டி சிரித்துக்கொண்டே மறுத்தார். மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது 1920இல். இவ்வறைகளோ அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தோண்டப்பட்டவை. அன்று இவை ஒளிவிடங்கள் அல்ல, தொழிற்கூடங்கள்.

அப்படியாயின் நிலத்தைத் தோண்டியது ஏன்? ஜெர்மானியர் விரும்பிய 'லாகர்' என்னும் பீரே காரணம். முளைவிட்ட வாற்கோதுமைச் சாற்றைப் புளிக்கச் செய்வது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். பழைய ஆங்கில வகைப் பீருக்குரிய ஈஸ்ட் வெதுவெதுப்பில் வேலை செய்யும். லாகர் ஈஸ்ட்டோ பத்துப் பாகை சென்டிகிரேடு அளவிலேயே நன்கு வேலை செய்யும். அதன்பின் அந்தப் பீரைச் சுழிப் பாகைக்கு அண்மையில் பல வாரம் வைத்து முதிரச் செய்தல் வேண்டும். ஜெர்மன் மொழியில் 'லாகர்' என்பதற்குச் சேமிப்பிடம் என்பதே பொருள்.

ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை, அவ்வூரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். சின்சினாட்டியில் அது ஏறத்தாழ 12, 13 பாகை. கோடையும் பனியும் அதனை அசைப்பதில்லை. ஆனால் முதிர்வதற்கு அக்குளிர் போதாது. ஆகவே குளிர்காலத்தில் உறைந்த நீர்நிலைகளில் பனிக்கட்டியை அறுத்து வந்து அடுக்கினர். மண் காத்தது; பனி குளிர்வித்தது. நம் சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் 'ஐஸ் ஹவுஸ்' கட்டடமும், அமெரிக்க ஏரிகளில் அறுத்துக் கப்பலில் வந்த பனிக்கட்டிக்காக 1842இல் எழுந்ததே என்பதை நினைவுகூர்க.

1853இல் இப்பகுதியில் ஆலை தொடங்கிய கிறிஸ்டியன் மோர்லைன், பவேரியாவில் பிறந்த கொல்லர். அவருடைய ஆலை அந்நகரின் மிகப் பெரிய ஆலையாக வளர்ந்தது. ஆனால் 1870களில் ஜெர்மானியப் பொறியியலார் கார்ல் வான் லிண்டே முதலியோர் குளிரூட்டும் எந்திரங்களை ஆக்கினர். அதன்பின் தரைக்கு மேலேயே குளிர் கிடைத்தது. நிலவறைகள் மெல்ல மெல்லக் கைவிடப்பட்டன. அவற்றை வெறுமையாக்கியது சட்டமன்று, எந்திரமே. ஆலைகளை மூடியதுதான் சட்டம். 1933 டிசம்பரில் மதுவிலக்கு நீங்கியபோது மோர்லைன் ஆலை மீண்டும் திறக்கவில்லை.

இதனினும் என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. சின்சினாட்டிப் பொதுப் பள்ளிகளில் 1840 முதல் ஜெர்மனும் ஆங்கிலமும் சேர்த்துக் கற்பிக்கப்பட்டன. முதல் உலகப்போர் வந்தது, ஜெர்மனி பகையாயிற்று. 1918இல் பிரெமன் தெரு 'ரிபப்ளிக்' தெருவாயிற்று. 1919இல் ஓஹையோ அரசு தொடக்கப்பள்ளிகளில் ஜெர்மன் கற்பிப்பதைத் தடுத்தது. அத்தகைய தடைகள் செல்லா என்று 1923இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, அறுந்த பழக்கமோ முன்போல் ஒட்டவில்லை. கால்வாயும் தூர்ந்து, 1928இல் அதன்மேல் அகன்ற சாலை திறக்கப்பட்டது. இன்று 'ரைன்' இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது.

மாணவ நண்பர்களே! பிறந்த ஊரை விட்டு வந்து பயிலும் நமக்கு இதில் சிந்திக்க இடம் உண்டு. கல்லால் கட்டியது ஆளின்றியும் நூறாண்டு நிற்கும். மொழி அவ்வாறு நில்லாது. நாள்தோறும் பேசுவோரும், கற்போரும், கற்பிப்போரும் இருந்தால்தான் அது வாழும். அயல்மண்ணில் ஒரு சங்கமும் அதன் ஏடும் எதற்கு என்று யாரேனும் கேட்டால், இதுவே என் விடை.