ப்ளக் பண்ணியாச்சு, சார்ஜ் மட்டும் ஏறலையா?

போன செமஸ்டர், ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி. என் லேப்டாப் 11 சதவீதத்தில் அப்படியே நின்றுவிட்டது. 'ப்ளக்ட் இன், நாட் சார்ஜிங்' என்று காட்டியது. பேட்டரி போயிடுச்சுன்னு நானே தீர்ப்பு சொல்லிட்டு, ரிவ்யூ முடிந்ததும் 2,800 ரூபாய் கொடுத்து புது பேட்டரி மாட்டினேன். அதுவும் ஏறல! உங்க காசாவது மிச்சமாகட்டும்.

முதலில் அரை மணி நேரம் சதவீதத்தைக் கவனிங்க. குறைந்துகொண்டே போனால் கரண்ட் உள்ளேயே வரவில்லை. ஹாஸ்டல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை முதல்ல சந்தேகப்படுங்க, அப்புறம் அடாப்டர், அதற்கப்புறம் ஜாக். குறையாம, ஏறாம நின்றால் கரண்ட் வருது, ஆனா லேப்டாப் சார்ஜ் செய்ய மறுக்குது. 60 அல்லது 80-இல் நின்றால் பதறாதீங்க. பேட்டரி ஆயுளைக் காக்கும் செட்டிங் ஆனில் இருக்கலாம். மெத்தை மேல வச்சு சூடேறியிருந்தாலும் சார்ஜிங் நிற்கும், ஆறினால் தானாக ஏறும்.

என் கேஸ் வேற. லேப் மல்டிமீட்டரில் பார்த்தால் அடாப்டர் 19.5 வோல்ட் சரியாகவே கொடுத்தது. அப்புறம்தான் முனையைக் கவனித்தேன். நடுவில் ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும், சில கம்பெனி அடாப்டர்களில் மட்டும். அதில் பவர் வராது. 'நான் 65 வாட் அடாப்டர்' என்று லேப்டாப்புக்கு அறிமுகம் சொல்வதுதான் அதன் வேலை. அது வளைந்தாலோ உடைந்தாலோ அடாப்டர் யாரென்று லேப்டாப்புக்குத் தெரியாது. ஓடுவதற்கு கரண்ட் எடுத்துக்கொள்ளும், பேட்டரிக்கு மட்டும் கொடுக்காது. மீட்டர் இதைக் காட்டாது. பயாஸுக்குள் போய் அடாப்டர் வாட் எவ்வளவு என்று பாருங்க. 'அன்நோன்' என்று இருந்தால் விஷயம் இதுதான். மீட்டர் ப்ரோப் வழுக்கி அந்தப் பின்னையும் பக்கத்துத் தகட்டையும் சேர்த்துத் தொட்டுவிட வேண்டாம், ஐடி சிப் காலியாகலாம்.

டைப்-சி லேப்டாப்பிலும் இதே கதைதான், பேச்சுவார்த்தை கேபிள் வழியா நடக்குது. 65 வாட் என்றால் 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர். 3 ஆம்பியருக்கு மேல் போக கேபிளுக்குள்ளேயே ஒரு சிப் வேண்டும். போன் கேபிள் பலதில் அது கிடையாது.

ஆக, எதையும் வாங்கும் முன் அதே கம்பெனி, அதே வாட் அடாப்டரை ஃப்ரெண்ட்கிட்ட பத்து நிமிஷம் கடன் வாங்குங்க. அன்னைக்கு நான் செய்யாதது அதுதான், இத்தனைக்கும் எதிர் ரூமிலேயே ஒன்று இருந்தது. அதிலும் ஏறலைன்னா லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, அடாப்டரைக் கழற்றி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி முயற்சி பண்ணுங்க. அதற்கும் மசியலைன்னாதான் பேட்டரியைச் சந்தேகப்படணும்.

டச்பேட் மேலே தூக்கியிருந்தால் மட்டும் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கு. அணைத்துவிட்டு நேராக சர்வீஸுக்குக் கொண்டு போங்க, குத்திப் பார்க்காதீங்க.

900 ரூபாய் அடாப்டரில் என் லேப்டாப் சரியாகிவிட்டது. பழைய பேட்டரியையும் மாட்டிப் பார்த்தேன், ஜம்முன்னு ஏறுது. இப்போ அது அரை சார்ஜில் கப்போர்டில் கிடக்குது. அதே மாடல் வச்சிருக்கவங்க யாராவது இருந்தா வந்து பாருங்க, விலை பேசிக்கலாம்.