ஆந்தைப் பெட்டிக்குக் கீழே ஒரு விடுமுறை ஆய்வு

நீண்ட விடுமுறையில் நாலைந்து மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும், பல்கலைக்கழகத்திலிருந்து வீடு திரும்பியிருக்கும் அக்கா அண்ணன்களுக்கும் இது. மலேசியாவில், சுங்கை பஞ்சாங் வட்டாரத்தில் தலைப்பு தேடி அலைய வேண்டாம். ஒரு பக்கம் நெல் வயல், மறுபக்கம் செம்பனை. இரண்டுக்கும் எதிரி எலி. எலியைப் பிடிக்கக் கம்பத்தில் பெட்டி வைத்துக் கூகை ஆந்தையை வரவழைப்பது இந்நாட்டுத் தோட்டங்களில் பழகிய வழி. விழுங்கிய எலியின் மயிரும் எலும்பும் கூகைக்குச் செரிக்காது, உருண்டையாகக் கக்கிவிடும். பெட்டிக்குக் கீழே கிடக்கும் அந்த உருண்டைதான் நம் ஆய்வுப்பொருள்.

முதல் நாள் கொஞ்சம் வரலாறு சொல்லுங்கள். செம்பனை இந்நாட்டில் வணிகப் பயிராகத் தொடங்கியதே கோலசிலாங்கூரில்தான். 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் நட்டார். கூகையோ 1960களின் பிற்பகுதிவரை தீபகற்பத்தில் அரிய பறவை. செம்பனை பரவியது, எலி பெருகியது, கூகையும் வந்து சேர்ந்தது. தாத்தா பாட்டி வேலை செய்த காடு பாடமாவதைப் பார்க்கும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அடுத்தது கேள்வி. இதற்கு ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. "ஆந்தை எலியை ஒழிக்குமா?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், "இதை எப்படி எண்ணுவே?" என்று மட்டும் கேளுங்கள். கேள்வி தானாகச் சிறுக்கும். "இந்தப் பெட்டிக்குக் கீழே வாரத்துக்குக் குறைந்தது எத்தனை எலி?" என்பதில் வந்து நின்றால் போதும். வயலோரத்தில் ஒன்று, தோட்டத்தின் உள்ளே ஒன்று என இரண்டு பெட்டிகள் கிடைத்தால் ஒப்பிடலாம். ஆனால் இரண்டு பெட்டியை வைத்துக்கொண்டு வட்டாரத்துக்கே முடிவு சொல்ல முடியாது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

அனுமதிக் கடிதம் பள்ளி வழியாக, மலாய் மொழியில், தோட்ட நிர்வாகிக்குப் போகட்டும். ஆனால் உண்மையான தகவல் மண்டோரிடம் இருக்கிறது. "அண்ணே, எந்தப் பெட்டியில ஆந்தை அடையுது? எலி மருந்து எப்போ வெச்சீங்க?" இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டால் ஆய்வே தடம் மாறிவிடும். மருந்து வைத்த வாரத்தில் எலி குறைந்தால் அதைக் கூகையின் கணக்கில் எழுத முடியுமா? மருந்து தின்ற எலியைத் தின்று கூகையும் சாகலாம். குறிப்பேட்டில் இதற்குத் தனிப் பத்தி வேண்டும்.

பெற்றோர் கையெழுத்தும் வாங்குங்கள். "ஆந்தை முகத்துல முழிக்கவா போறீங்க?" என்று பாட்டி கேட்டால் சண்டை வேண்டாம். அவர் சொல்வதையும் பிள்ளை எழுதிக்கொள்ளட்டும்.

களத்துக்குக் காலையில் போங்கள், மருந்தடிக்கும் நாளில் போகாதீர்கள். எலி இருக்கும் இடத்தில் நாகமும் இருக்கும். முழங்கால் உயரக் காலணி கட்டாயம். பெட்டியில் யாரும் ஏறக்கூடாது, ஏணியும் வேண்டாம், குஞ்சு இருந்தால் தாய்ப்பறவை கலைந்துவிடும். முதல் நாள் கீழே கிடக்கும் பழைய உருண்டைகளை எல்லாம் கூட்டி அகற்றிவிடுங்கள். அப்போதுதான் அடுத்த வாரம் பொறுக்குவது அந்த ஒரு வாரத்துக் கணக்காகும். நான் பார்த்தவரை பலரும் தாவிச் செல்வது இந்த ஒரு படியைத்தான். மழை பெய்தால் உருண்டை கரைந்துவிடும். மழை நாளையும் எழுதுங்கள்.

எலிக்காய்ச்சல் பயம் உண்டு என்பதால் கையுறையோடுதான் எடுக்க வேண்டும். உருண்டையை அலுமினியத் தாளில் சுற்றி, 160 பாகை செல்சியஸில் 40 நிமிடம் அடுப்பில் வையுங்கள். அந்த அடுப்பு சமையலுக்கு உரியதாக இருக்கக்கூடாது. இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடத்தில் கேட்டுப் பாருங்கள். பிறகு வெந்நீரில் ஊறவைத்து, இடுக்கியால் மெல்லப் பிரிக்கலாம்.

இங்கேதான் பிள்ளைகள் நேரம் போவதே தெரியாமல் உட்காருவார்கள். எலும்பை எல்லாம் எண்ணத் தேவையில்லை. கீழ்த்தாடை போதும். இடது தாடைகளை ஒரு குவியல், வலது தாடைகளை ஒரு குவியல். இடது 7, வலது 5 என்றால் குறைந்தது 7 எலி. "குறைந்தது" என்ற சொல் அறிக்கையிலும் இருக்க வேண்டும். எலியின் முன்பல் ஆரஞ்சு நிறமாக இருக்கும். கூரிய சிறு பற்கள் வரிசையாக இருந்தால் அது மூஞ்சூறாக இருக்கலாம். வயலில் ஓர் இனம், செம்பனையில் இன்னோர் இனம் என்றாலும், தாடையைப் பார்த்து இனம் பிரிப்பது நிபுணர் வேலை. அதில் இறங்காதீர்கள்.

வாரம் ஒரு முறை அரை மணி நேரம் உட்கார்ந்து குறிப்பேட்டைப் பாருங்கள். புலனத்தில் வரும் படங்கள் குறிப்பேட்டுக்கு ஈடாகாது. தேதி, பெட்டி, வானிலை, எண்ணிக்கை, எண்ணியவர் பெயர். இதில் எது விடுபட்டாலும் அதே நாளில் கேளுங்கள். பெட்டி காலியாகி உருண்டையே கிடைக்காமல் போனால் "0" என்று எழுதட்டும். அதுவும் தரவுதான். எண்ணிக்கையை அழகாக்கித் தரும் பிள்ளையைத் திட்ட வேண்டாம். இன்னொருவரை மறுபடி எண்ணச் சொல்லுங்கள்.

அறிக்கையை நீங்கள் எழுதாதீர்கள். தமிழ்ப்பள்ளிகளுக்காக அஸ்தி (ASTI) அமைப்பு நடத்தும் அறிவியல் விழா போன்ற மேடைகளில் நடுவர் ஒரு கேள்வி கேட்டதும் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். வாக்கியம் கோணலாக இருந்தாலும் பிள்ளையின் வாக்கியமே இருக்கட்டும். நீங்கள் ஓரத்தில் கேள்விக்குறி மட்டும் போடுங்கள். முடிந்ததும் ஒரு பக்கச் சுருக்கத்தை மலாயில் தோட்ட அலுவலகத்துக்குக் கொடுங்கள். அடுத்த விடுமுறைக்கு அனுமதி கேட்கும்போது அது உதவும்.