லெச்சேயா, நோட்டோவா?

தென் இத்தாலியின் பரோக் கட்டடங்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு வரும் முதல் கேள்வி, பூலியாவில் உள்ள லெச்சேயா, சிசிலித் தீவின் நோட்டோவா என்பதுதான். யுனெஸ்கோ பட்டியலில் 2002-ல் இடம்பிடித்தது நோட்டோ. லெச்சே அதில் இல்லை. அதை வைத்து மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள்.

1693 ஜனவரி நிலநடுக்கத்தில் பழைய நோட்டோ தரைமட்டமானது. சில கிலோமீட்டர் தள்ளி, திட்டம் போட்டுக் கட்டிய புது ஊர்தான் இன்றைய நோட்டோ. அதனால் முக்கியமானவை எல்லாம் நேரான ஒரே பெருந்தெருவை ஒட்டியே இருக்கின்றன. நிக்கோலாச்சி மாளிகையின் பால்கனிகளுக்குக் கீழே சிங்கமும் குதிரையும் கடற்கன்னியும் பாய்ந்து வருவதை நின்று பாருங்கள். மே மூன்றாம் ஞாயிறையொட்டி அந்த மாளிகை இருக்கும் தெருவையே பூவிதழ்களால் நிரப்புவார்கள். அப்போது போக வாய்த்தால் யோசிக்காமல் நோட்டோவுக்குப் போங்கள். மற்ற நாட்களில் ஒரு பகல் போதும். சிராக்கூசாவில் தங்கி ரயிலில் வந்து திரும்பலாம். நிலையம் பள்ளத்தில், ஊர் மேட்டில். முழங்கால் வலி உள்ளவர்கள் கவனிக்கவும்.

லெச்சே அப்படி ஒரு பகலில் முடிகிற ஊர் அல்ல. அங்கே கிடைக்கும் சுண்ணாம்புக் கல் வெட்டியெடுக்கும்போது மென்மையாக இருக்கும், காற்றுப் பட்டபின் இறுகும். சிற்பிகள் அதில் மரவேலை போல நுணுக்கம் காட்டிவிட்டார்கள். 1549-ல் தொடங்கி 1695-ல் முடிந்த சாந்தா குரோச்சே தேவாலயத்தின் முகப்பைப் பாருங்கள்: குந்திய மனிதர்களும் விலங்குகளும் மேல்மாடத்தைத் தாங்குகிறார்கள், அதற்கு மேலே பெரிய வட்டச் சாளரம், சுற்றிலும் இலை, பழம், குழந்தை முகங்கள். காலையில் ஒருமுறை, விளக்கு போட்டபின் ஒருமுறை பார்க்க வேண்டும். கூடவே ஊர் நடுவில் ரோமானியர்களின் வட்டரங்கம், காகிதக்கூழில் புனிதர் சிலைகள் செய்யும் பட்டறைகள், பல்கலைக்கழக மாணவர்களால் இரவிலும் கலகலக்கும் தெருக்கள்.

சைவர்களுக்கும் லெச்சேதான் வசதி. கொண்டைக்கடலையும் பொரித்த பாஸ்தாவும் கலந்த 'சிச்சேரி எ திரியா' வயிறு நிறைக்கும். பஸ்திச்சோத்தோ என்ற கஸ்டர்ட் பண்டத்தை மட்டும் விசாரித்து வாங்குங்கள். பழைய செய்முறையில் பன்றிக்கொழுப்பு உண்டு.

ரோமிலிருந்து லெச்சேக்கு நேரடி ரயில் இருக்கிறது. பிரிந்திசி விமான நிலையமும் சுமார் 40 கிலோமீட்டர்தான். கார் ஓட்டத் தயார், ராகூசா, மோதிகா ஊர்களையும் சேர்த்துப் பார்க்க ஆசை என்றால் நோட்டோ பக்கம் போகலாம். முதல் பயணம், கார் இல்லை, இரண்டு மூன்று நாள்தான் என்றால் லெச்சேயில் தங்குங்கள். எந்த ஊரானாலும் ஆகஸ்ட் வேண்டாம். வெயிலும் கூட்டமும் தாங்காது.