தரை தட்டவே கட்டிய கப்பல்

அறிவியல் பாடத்தில் மிதத்தல் விதி நடத்தினாங்க இல்லையா, அதோடு சேர்த்துப் படிக்கத்தான் இந்தக் கட்டுரை.

கப்பல் என்றால் துறைமுகத்தில் நிற்கும். தரை தட்டினால் ஆபத்து. ஆனால் தரை தட்டுவதற்கென்றே கட்டிய கப்பல்கள் உண்டு. அதற்கு எல்.எஸ்.டி. என்று பெயர். டாங்கிகளைக் கரையில் இறக்கும் கப்பல் என்று அர்த்தம்.

இரண்டாம் உலகப் போரில், 1940இல், டன்கிர்க் என்ற இடத்திலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பிரிட்டன் காப்பாற்றிக் கூட்டிட்டு வந்தது. ஆனால் டாங்கி, பீரங்கி எல்லாம் அங்கேயே போச்சு. திரும்பப் போகணும்னா டாங்கிகளோடுதான் போகணும். துறைமுகமோ எதிரி கையில். அப்போ வெறும் மணலில் எப்படி இறக்குவது? அமெரிக்காவில் ஜான் நீடர்மைர் என்ற கப்பல் பொறியாளர் 1941 நவம்பரில் ஒரு படம் வரைந்தார். அதை வைத்து ஆயிரத்துக்கும் மேலே கப்பல் கட்டினார்கள்.

அவர் யோசனை புரியணுமா? காலிச் சொம்பை அண்டாத் தண்ணியில் விடுங்க. சாய்ந்து ஆடும். உள்ளே கொஞ்சம் தண்ணி ஊத்தினால் அமுங்கி நிமிர்ந்து நிற்கும். அந்தத் தண்ணியை மொண்டு எடுத்தால் மறுபடி மேலே வரும். இந்தக் கப்பலும் அப்படித்தான். அடிப்பாகம் தட்டை. உள்ளே தண்ணீர்த் தொட்டிகள். நடுக்கடலில் தொட்டியை நிரப்பி ஆழமாகப் போகும். கரை வரும்போது பம்பு போட்டுத் தண்ணியை வெளியேற்றும். முன்பக்கம் சுமார் 4 அடித் தண்ணி இருந்தால் போதும், மணலில் ஏறி உட்கார்ந்துவிடும். முன்னாடி இரண்டு கதவு திறக்கும், சாய்தளம் இறங்கும், வண்டிகள் தானாக ஓட்டிக்கொண்டு வெளியே போகும்.

திரும்பிப் போவது எப்படி என்றுதான் எனக்குச் சந்தேகம். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கரைக்கு வருவதற்கு முன்பே பின்பக்கத்து நங்கூரத்தைக் கடலில் போட்டுவிட்டு வருவார்கள். அப்புறம் அந்தக் கம்பிவடத்தைச் சுருட்டி இழுத்தால் கப்பல் தன்னைத் தானே பின்னால் இழுத்துக்கொள்ளும். கிணற்றில் இறங்குகிறவன் மேலே கயிறு கட்டிவிட்டு இறங்குவது மாதிரி!

இதில் 325ஆம் எண் கப்பலின் கதையைச் சொல்கிறேன். பிலடெல்பியாவில் கட்டினார்கள். 1943 பிப்ரவரியில் கடற்படையில் சேர்ந்தது. அந்த வருஷமே இத்தாலிப் பக்கம் சிசிலி, சலேர்னோ இரண்டு இடத்துக்கும் போனது. 1944 ஜூன் 7, அதாவது நார்மண்டிப் படையிறக்கத்தின் இரண்டாம் நாள், ஒமாஹா கடற்கரைக்கு வண்டிகளையும் வீரர்களையும் கொண்டுபோனது. திரும்பும்போது காலியாக வரவில்லை, காயம்பட்டவர்களை ஏற்றி வந்தது. இப்படி ஆங்கிலக் கால்வாயை 40 தடவைக்கு மேல் கடந்திருக்கிறது.

எனக்குப் பிடித்தது 1944 டிசம்பர் 28 அன்று நடந்ததுதான். எம்பயர் ஜாவலின் என்ற படைவீரர் கப்பல் கால்வாயில் அடிபட்டு மூழ்கத் தொடங்கியது. உதவிக்குப் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றும் 325ஆம் வந்தன. குளிர்காலக் கடல். தட்டை அடி உள்ள கப்பல் அலையில் எவ்வளவு ஆடும் என்று சொம்பிலேயே பார்த்தோம். அப்படியும் கேப்டன் மோசியர் தன் கப்பலைக் கிட்டே கொண்டுபோய்ச் சுமார் 700 பேரை ஏற்றிக்கொண்டார். நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. இதற்காக அவருக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம் கொடுத்தார்கள். சண்டைக்குக் கட்டினதுதான், ஆனாலும் இந்த 700ஐத்தான் நான் முதலில் எண்ணுவேன்.

போர் முடிந்து 1946இல் ஓய்வு. 1951இல் மறுபடி எடுத்து வடக்கே பனிக்கடல் பக்கம் ரேடார் நிலையங்கள் கட்டும் வேலைக்கு அனுப்பினார்கள். 1964இல் கிரீஸ் நாட்டுக்குக் கொடுத்தார்கள். அங்கே ‘சிரோஸ்’ என்று பெயர் மாறி 1999 வரை உழைத்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இந்த மாதிரிக் கப்பல்களில் வேலை பார்த்த அமெரிக்கத் தாத்தாக்கள், ஒன்றையாவது காப்பாற்றி வைக்கணும்னு 2000இல் கிரீட் தீவுக்கே போய்விட்டார்கள். சராசரி வயது 72! துருப்பிடித்த கப்பலை மாதக்கணக்கில் தாங்களே பழுது பார்த்தார்கள். சுமார் 30 பேர் நவம்பரில் கிளம்பி, ஜிப்ரால்டர் வழியாக, குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். மொத்தம் 6,500 மைல். 2001 ஜனவரி 10 அன்று அமெரிக்காவில் மொபீல் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். (ஆங்கிலத்தில் மொபைல் போனுக்குள்ள அதே எழுத்துதான், சிரிக்காதீங்க.) எங்க தாத்தாவை 70 வயதில் சந்தைக்கே தனியா விட மாட்டோம்!

2005இலிருந்து அது எவன்ஸ்வில் என்ற ஆற்றங்கரை ஊரில் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே போரின்போது இதே வகைக் கப்பல் 167 கட்டியிருக்கிறார்கள். சும்மா கட்டிப் போடவில்லை, இன்னமும் ஆற்றில் ஓட்டுகிறார்கள்.

இப்போ உங்களுக்கு ஒரு கணக்கு. கப்பலின் நீளம் 100 மீட்டர், அகலம் 15 மீட்டர், வடிவம் பெட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்று நீரில் அது இன்னும் 1 மீட்டர் அமுங்கணும்னா தொட்டிகளில் எத்தனை டன் தண்ணீர் நிரப்பணும்? (1 கன மீட்டர் தண்ணீர் = 1 டன்.) விடை அடுத்த தாளில்.